கணக்கில் இரண்டாவது பெயர்

இந்த ஊரில் இறந்தவரின் பெயரை வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப் பதினொரு நிமிடம் ஆகிறது. முப்பத்தாறு வருடம் வங்கியில் வேலை பார்த்த பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். கனடாவின் கிழக்கு ஓரம், ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளை. கேட்லின் என்ற பெண் என் மனைவி வைதேகியின் இறப்புச் சான்றிதழை வாங்கினாள். "சாரி ஃபார் யுவர் லாஸ்" என்றாள். எதையோ தட்டினாள். சாட்சி இல்லை, நோட்டரி இல்லை, மூன்று பிரதி இல்லை. "இவ்வளவுதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். தாமதத்தைக் குறை சொல்கிறேன் என நினைத்து அவள் மன்னிப்புக் கேட்டாள். இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்திருக்கலாமே என்று எந்த விதியின் கீழ் முறையிடுவது?

தூத்துக்குடியில் வைதேகி இன்னும் இறக்கவில்லை. நான் மேலாளராக ஓய்வுபெற்ற கிளையில் என் ஓய்வூதியக் கணக்கு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. முதல் பெயர் நான், இரண்டாவது அவள். அந்தப் பெயரை நீக்கும் படிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவேன். மற்றவர்களுக்கு நூற்றுக்கணக்கில் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அவள் இறந்து இரண்டு வருடமாகியும் என்னுடையதை மட்டும் அனுப்பவில்லை. போன மாதம் செந்தில் அழைத்தான். என்னிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன், இப்போது அங்கே மேலாளர். வைதேகி போனதை அவனிடமும் சொல்லவில்லை.

"சார், உங்க ரெண்டு பேரு கேஒய்சி அடையாளப் படிவமும் பாக்கி நிக்கு. மாசம் தாண்டிச்சுன்னா கணக்கு ஃப்ரீஸ் ஆயிரும். மேடத்தையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"பாக்கேன்" என்றேன்.

"நீங்களே பாக்கேன்னு சொன்னா நாங்க எங்க சார் போவோம்? ஒரு புள்ளி விட்டாலே ஃபாரத்தத் தூக்கி எறியுத ஆளுல்லா நீங்க!"

அவன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். போனை வைத்த பிறகு ரெஜினா ஞாபகத்துக்கு வந்தாள். அவள் அப்படித்தான், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வருவாள்.

திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கிளையில் நான் இருந்தபோது, ஆலந்தலையிலிருந்து அவள் கணவர் இன்னாசி கணக்குத் தொடங்க வந்தார். தனக்குப் பிறகு பணம் யாருக்கு என்ற இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நாளைக்குக் கடலுக்குப் போறவன்ட்ட இத எழுதச் சொல்லுதியளே, நல்லாருக்கா சாரு?" வேண்டாமென்று எழுதித் தரவும் மறுத்தார். அதற்கும் விதி இருக்கிறது: மறுத்தார் என்று அலுவலர் குறிக்க வேண்டும். 'வாடிக்கையாளர் மறுத்தார்' என்று என் கையால் எழுதிக் கையெழுத்திட்டேன். நாலாவது மாதம் வள்ளம் கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். இன்னாசி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

ஏழு வருடம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். நான் நாள் எண்ணிக் காத்திருந்தேன். சிறிய தொகை, கோர்ட்டுக்குப் போகாமலே முடித்துத் தரலாம். ரெஜினாவின் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட ஒரு வாரம்தான். ரெஜினாவை வரவழைத்துப் படிவத்தை நீட்டினேன். அவள் எழுத்தறியாதவள் அல்ல, கோயிலில் பூசைக்குப் பைபிள் வாசகம் வாசிப்பவள். 'இறந்துபோன வைப்பாளர்' என்ற இடம் வரை வாசித்தாள்.

"ஒரு கையெழுத்துதானம்மா" என்றேன்.

"போனவரு கரைக்கு வரல. அம்புட்டுதான் சாரு எனக்குத் தெரியும். செத்துட்டாருன்னு நான் எழுதிக் குடுத்தா, அவரக் கொன்னது கடலா இருக்காது, நானால்லா இருக்கும்?"

கல்லூரிக்குப் போகாமல் மகள் இறால் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயலிழந்துபோகும் என்று வள்ளம் கவிழ்ந்த புதிதிலேயே காசாளர் சொல்லியிருந்தார் போல. அதிலிருந்து ரெஜினா வருடத்துக்கொரு முறை வந்து கணவர் கணக்கில் ஐம்பது ரூபாய் கட்டுவாள். ரசீதை மடித்துக்கொண்டே கேட்பாள்: "உசுரோடதான இருக்கு?" கணக்கைத்தான் கேட்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "இருக்கும்மா" என்பேன். பின்னாளில் பயிற்சிக் கல்லூரியில் வகுப்பெடுத்தபோது இதை 'நிதி அறிவின்மை'க்கு உதாரணமாகச் சொன்னேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

செந்தில் அழைத்த மறுவாரம் என் மகள், பெயர் நீக்கும் படிவத்தை அச்செடுத்து, நான் தங்கியிருக்கும் அவள் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்தாள். "ஒரு கையெழுத்துதானப்பா. அம்மா இருந்தா உங்களைத் திட்டியிருப்பா" என்றாள். உண்மை. வைதேகிக்குக் காரியம் தள்ளிப்போனால் பிடிக்காது. அவள் சாகும்போது நான் பக்கத்தில் இருந்தேன், தகன மண்டபத்தில் எரியூட்டும் பொத்தானை அமுக்கியதும் நான்தான். இன்னாசியின் வீட்டாருக்கு இருந்த சந்தேகம்கூட எனக்கு இல்லை. பேனாவைத் திறந்தேன். அவள் பெயரை முழுதாக எழுதினேன். அடுத்த கட்டம் இறந்த தேதி. அங்கே கை நின்றுவிட்டது. இங்கே அந்தத் தேதியை மருத்துவமனையே தட்டச்சு செய்து தந்திருந்தது. கேட்லினிடம் நீட்டினேன், அவ்வளவுதான். தூத்துக்குடிக்கு நான் என் கையால் எழுத வேண்டும்.

மாதம் முடிந்தது. ஓய்வூதியம் வந்திருக்கிறது, எடுக்க முடியாது. பேருந்துக்கும் மகளிடம்தான் கேட்கிறேன். இன்று காலை கைப்பேசியில் கணக்கைத் திறந்தேன். தடை என்று சிவப்பில் ஒரு வரி, அதற்கு மேல் எங்கள் இரண்டு பெயர்கள். வைதேகியின் சாம்பலைக் கரைத்த கடல் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. தூத்துக்குடியில் இப்போது சாயங்காலம். செந்தில் கிளையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பான். பூட்டிய அந்தக் கட்டடத்துக்குள் அவள் இருக்கிறாள், நான் இல்லாமல்.