மத்து பிடித்த நிருபர்

அருப்புக்கோட்டையில் செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்றின் மாடியில்தான் எங்கள் செய்தி அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு நீலத் துணி. நாங்கள் மூன்று பேர். கீழே கடை வைத்திருக்கும் பாய், சவுதியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், கேமரா அவருடையது. விசைத்தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் செய்தி வாசிப்பார். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர் என்பதால் "நாளை லேசான மழைக்கு வாய்ப்பு" என்பதைக்கூடப் போர் மூண்டுவிட்டதுபோல்தான் சொல்வார். நூல் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த நான் எழுதிக் கொடுப்பேன். குடிநீர் வரும் நேரம், கண்மாய் நிலவரம், காணாமல் போன ஆடு என்று அன்றன்றைக்குள்ளதைச் சின்ன வீடியோவாக்கி வாட்ஸப்பில் அனுப்புவோம். ஆட்டுச் செய்திக்குத்தான் எப்போதும் மவுசு.

ஒருநாள் திருச்சுழிக்கு அந்தப் பக்கம், நரிக்குடி போகும் வழியிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். அருப்புக்கோட்டைக்குக் கைலி மடிக்கும் வேலைக்கு வந்து போகிறவர்.

"அக்கா, எங்க ஊர்ல மினி பஸ்ஸு நிக்கவே மாட்டேங்குது. கையக் காட்டுனா டிரைவரும் பதிலுக்குக் கையக் காட்டிட்டுப் போறாரு. வந்து வீடியோ எடுத்துப் போடுங்க."

மறுநாள் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். பாய் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டார். தறிக்கார அண்ணன் மைக்கோடு சாலையோரத்தில் நின்றார். பஸ் வந்தது. மைக்கைப் பார்த்ததும் ஆடாமல் அசங்காமல் எங்கள் முன்னால் வந்து நின்றது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். கண்டக்டர் கீழே இறங்கி, "பாத்து ஏறுங்க ஆத்தா" என்று ஒரு கிழவியின் கூடையை வாங்கி உள்ளே வைத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் அண்ணன், "பேருந்து நின்றது!" என்று அடித்தொண்டையில் முழங்கினார். மேயவிட்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின.

எங்களைக் கூப்பிட்ட பெண் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த பார்வையை என்னால் நேர்கொண்டு பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் மறுபடி போன் வந்தது. பஸ் நிற்கவில்லை. இந்தத் தடவை சீமைக் கருவேலத்துக்குப் பின்னால் ஒளிந்து எடுத்தோம். பஸ் பறந்தது உண்மைதான். ஆனால் வீடியோவில் விழுந்தது புழுதியும் ஓர் ஆட்டின் பின்பக்கமும் மட்டும். முள் குத்தியதில் பாய் கத்திய கத்தல் வேறு தெளிவாகப் பதிந்திருந்தது.

"அக்கா, நீங்க வர வேணாம். அந்த மைக்க மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்றார் அந்தப் பெண்.

எங்களிடம் இருந்ததே ஒரு மைக்தான். கொடுக்க முடியாதென்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

இரண்டொரு வாரம் போனே இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் என் செல்லுக்கு ஒரு வீடியோ வந்தது. பக்கத்து வீட்டுக்காரி எடுத்ததாம். நின்றிருக்கும் மினி பஸ்ஸின் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குள் அந்தப் பெண் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார். உற்றுப் பார்த்தேன். மைக் அல்ல. மோர் கடையும் மத்து. அதன் தலையில் கறுப்புத் துணியைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

"ஏன்ணே எங்க ஊர்ல நிறுத்துறதில்ல?"

டிரைவர் மத்தைப் பார்த்து மரியாதையாகப் பேசினார். "பின்னால வார பஸ்ஸு எங்களத் தாண்டிருச்சுன்னா திருச்சுழியில எங்களுக்கு ஆளே கெடைக்காதும்மா. ஒங்க ஊர்ல ஒருத்தர் வேப்பமரத்துல நிக்கிறாக, ஒருத்தர் ரேசன் கடையில நிக்கிறாக. ஒரு அம்மா வீட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கிடச் சொல்லுது. எங்கனதான் நிறுத்துறது?"

"அந்த வீட்டு வாசக்காரி நாந்தேன். நீங்க மேல சொல்லுங்க."

மாடியில் நாங்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இத்தனை ஏற்பாட்டோடு போன நாங்கள் டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்து, போடலாமா கூடாதா என்று சண்டை. "மத்தக் காட்டி மனுசன ஏமாத்திருக்காகளே" என்றார் அண்ணன். "டிரைவர்ட்டயே கேட்ருவோம்க்கா" என்றார் பாய். திருச்சுழியில் பஸ் நிற்கும் இடத்துக்கு நானும் பாயும் போய் வீடியோவைக் காட்டினோம். டிரைவர் கடைசிவரை பார்த்தார்.

"மத்தா அது?"

"மத்துதான்."

செல்லை வாங்கி மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். அடிக்க வருவாரோ என்று பாய் மெதுவாக என் பின்னால் நகர்ந்தார்.

"நல்லாத்தேன் கேட்டாக" என்றார் டிரைவர். "இத்தன வருசத்துல என்னையவும் ஒரு ஆளா நெனச்சு யாரும் காரணம் கேட்டதில்ல. போடுங்க. ஆனா நாளைக்கு ஒருக்கா எடுத்துக்கிடலாமா? சேவிங் பண்ணிட்டு வாரேன்."

அப்படியெல்லாம் மறுபடி எடுக்கக் கூடாதென்று அவருக்குப் புரியவைக்க ஒரு டீ குடித்து முடிக்கவேண்டியிருந்தது.

வீடியோ போட்டோம். ஆட்டுச் செய்திகளையெல்லாம் அது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, எல்லோரும் ரேசன் கடை முன்னால்தான் நிற்பதென்று முடிவு செய்தார்கள். பஸ் முதலாளியும் ஒத்துக்கொண்டார். இப்போது பெரும்பாலும் நிற்கிறது. நிற்காத நாளில் டிரைவரே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுக் காரணம் சொல்கிறாராம்.

அந்தப் பெண்ணை எங்களோடு சேரச் சொன்னேன். ஞாயிறு மட்டும் என்றால் சரி என்றார். அவர் அனுப்பிய முதல் செய்தி, தெருக்குழாயில் யார் முதலில் குடம் வைப்பது என்கிற தகராறு. சண்டை போட்ட இருவரில் ஒருவர் அவருடைய அண்ணன் மனைவி. இரண்டு பக்கமும் கேட்டு, இரண்டையும் அப்படியே அனுப்பியிருந்தார். செய்தி வெளிவந்த மறுநாள், எனக்கு மனசு கேட்காமல் அவரைக் கூப்பிட்டேன்.

"வீட்ல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"மதினி பேச மாட்டேங்கிறாக."

"அப்ப அந்தச் செய்திய எடுத்துருவமா?"

"எதுக்குக்கா? அவுக சொன்னதுதான அதுல இருக்கு" என்றார். "அவுகளே பேசுவாக. கொடத்தத் தூக்கிவிட ஆளு வேணும்ல."