ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ

9 மார்ச் 2025: சொன்னது 20, கேட்டது 0
16 மார்ச்: சொன்னது 20, கேட்டது 0
23 மார்ச்: சொன்னது 20, கேட்டது 1
30 மார்ச்: சொன்னது 20, கேட்டது 0
6 ஏப்ரல்: தட்டியது 20, கேட்டது 14
1 ஜூன்: தட்டியது 20, கேட்டது 20

சொன்னவரும் தட்டியவரும் ஜொகூர் மாசாயில் என் பக்கத்து வீட்டுக்காரர் தங்கராஜு, வயது 64. கேட்டதும் கேட்காததும் அவருடைய நாய் சார்ஜன். 23 மார்ச்சில் கேட்ட அந்த ஒன்றுகூட, அது எப்படியும் உட்காரப்போகிற நேரம்தான். ஆனாலும் உட்கார்ந்தது, எழுதினேன்.

தங்கராஜுவை எனக்கு முப்பத்தோரு ஆண்டுகளாகத் தெரியும். பண்டார் தெங்காரா பக்கம் ஒரு செம்பனை ஆலையில் அப்போது நான் லாரிகளை எடை போட்டு எழுதும் கிராணி, அதாவது எழுத்தர். அவர் லாரிக் கெலிண்டான், ஓட்டுநரின் துணையாள். லாரி பின்னோக்கி வரும்போது பக்கப் பலகையில் கையால் அடிப்பார். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் தட்டி வந்த லாரி எதன்மீதும் இடித்ததில்லை. வீட்டிலோ அவர் சொல்லி எதுவும் நடந்ததாகப் பதிவில்லை.

"இந்த மனுஷன் சொன்னா ஃபேன்கூட சுத்தாது" என்பார் அவர் மனைவி கிருஷ்ணம்மா.

கேட்டைத் திறந்தால் சார்ஜன் பாய்ந்து மோட்டார் சைக்கிள்களைத் துரத்தும். குடியிருப்பாளர் சங்கம் இரண்டு கடிதங்கள் அனுப்பியது. இரண்டாவதில் மூன்று மாதக் கெடு. கெடு முடியும்போது கேட்டைத் திறந்து வைத்தால் நாய் பத்து நிமிடம் உள்ளே நிற்க வேண்டும். தவறினால் மூன்றாவது கடிதம் வரும். நாய் தாமான் குடியிருப்பை விட்டுப் போக வேண்டும். பயிற்சியைப் பதிவு செய்யும் வேலையைத் தலைவர் மகேஸ்வரன் என்னிடம் தந்தார்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் அவர்கள் மகள் லோஷினி, ஒரே சொல்லில் அதட்டிச் சொல்லும்படி கைப்பேசியில் அறிவுரை தந்தாள். தங்கராஜுவுக்கு அதட்டல் வரவில்லை.

"சார்ஜன், சிட். சிட்டுப்பா. டேய், கொஞ்சம் சிட் லா."

"நாய்க்கிட்ட லோன் கேக்கறீங்களா?" என்று உள்ளிருந்து கிருஷ்ணம்மாவின் குரல் வந்தது.

ஏப்ரல் முதல் வாரம், எரிச்சலில் அவர் கேட்டில் ஒரு தட்டு தட்டினார். நாய் நின்றுவிட்டது. அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. ஒரு தட்டு, நின்றது. இரண்டு தட்டு, ஓடிவந்து பிஸ்கட் வாங்கிக்கொண்டது.

சோதனை நாளை நான்தான் குறித்தேன்: 8 ஜூன், ஞாயிறு, காலை 9.00. குப்பை லாரி செவ்வாய், வியாழன், சனி மட்டுமே வரும் என்பதால் சத்தமிருக்காது. 7 ஜூன் சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள் என்பதை நான் பார்க்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது.

9.00 மணிக்கு மகேஸ்வரன் முன்னிலையில் கேட் திறந்தது. ஒரு தட்டு. மூன்று மோட்டார் சைக்கிள்களும் ஒரு பூனையும் கடந்து போயின. சார்ஜன் அசையவில்லை. 9.07க்கு, முந்தின நாள் வராத குப்பை லாரி வந்தது. தொழிலாளி தொட்டியைக் கவிழ்த்துவிட்டு லாரியை இரண்டு முறை தட்டினார். லாரி போனது. சார்ஜனும் போனது. அடுத்த வீட்டில் ஒரு தட்டு. இரண்டும் நின்றன.

"தங்கராஜு, கேட்டைத் தட்டுங்க! ஒரு தட்டு போதும்!" என்றேன்.

அவர் கை கேட்டுக்கு மேலே தூக்கியபடி நின்றது. இறங்கவில்லை.

"இன்னொரு ஆளு சிக்னல் குடுத்துக்கிட்டிருக்கான், கிராணி ஐயா. குறுக்க தட்டக் கூடாது. ஓட்டறவன் கொழம்பிட்டா பின்னால நிக்கிறவன் செத்தான்."

"அலமாக்! நாயைக் கூப்பிடச் சொன்னா லாரிக்குப் பாடம் எடுக்கறாரு" என்றார் மகேஸ்வரன்.

அந்த வீட்டையும் சேர்த்து வரிசையில் மீதி இருந்தது பத்து வீடு; ஒவ்வொன்றிலும் லாரியோடு நாயும் ஒரு தட்டுக்கு நின்றது, இரண்டு தட்டுக்குப் போனது. தெருமுனையில் சார்ஜனின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக் கூட்டிவந்த தங்கராஜு நேரே என்னிடம் வந்தார்.

"ஒரு சிக்னலாவது தப்புச்சா?"

"இல்லை. இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று."

"எழுதிக்குங்க" என்றார். அவர் முகத்தில் அத்தனை பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"உள்ள நின்னது ஏழு நிமிஷம். அதையும் எழுதுங்க" என்றார் மகேஸ்வரன். இரண்டையும் எழுதினேன்.

கடிதத்துக்காகத் தங்கராஜு காத்திருக்கவில்லை. 14 ஜூன், பண்டார் தெங்காராவிலிருந்து அவருடைய பழைய ஓட்டுநர் மூர்த்தி லாரியோடு வந்தார். நாயை மூர்த்தி வீட்டில் விட்டுவிட்டு இரண்டு நாளில் திரும்புவதாகச் சொல்லித் தங்கராஜுவும் ஏறிக்கொண்டார். கதவுக்கு வெளியே கையை விட்டு இரண்டு தட்டு தட்டினார்.

ஐந்து நாளாகியும் அவர் திரும்பவில்லை. நாயைப் பதினான்கு நாளுக்குள் அகற்றச் சொல்லும் மூன்றாவது கடிதத்தைக் கிருஷ்ணம்மா கையெழுத்திட்டு வாங்கி, என் கோப்புக்குத் தந்தார்.

"போக வேண்டியது போயாச்சு. போக வேண்டாதவரும் கூடவே போயிட்டாரு. அவரு எப்ப வரணும்னு இதுல போட்டிருக்கா, பாருங்க."

போடவில்லை. கடிதம் வந்து சேர்ந்த தேதி: 19 ஜூன் 2025, வியாழக்கிழமை.