மாடுகளுக்கு வழிவிட்ட வயல்

மூதூருக்குத் தெற்கே, மகாவலி கடலைச் சேரும் தாழ்நிலத்தில் முனாசின் மாட்டுப்பட்டி இருந்தது. விடியலில் பால் கறந்து, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் மூதூர்க் கடைகளுக்குக் கொடுப்பார். அவருடைய வாப்பா செய்த தொழிலும் இதுதான்.

முன்பு ஒரு வெள்ளத்தில் பட்டியில் பாதி அழிந்தது. அன்று கன்றுகள் கட்டிக் கிடந்தன. தாய்ப்பசுக்கள் ஓடித் தப்பியிருக்கலாம். கன்றுகளை விட்டுப் போக மனமில்லாமல் சுற்றிச் சுற்றி நின்றே செத்துப்போயின. அதற்குப் பிறகு எந்த எச்சரிக்கை வந்தாலும் முனாஸ் கன்றுகளை அவிழ்த்துவிடுவார். புயல் வராமல் போன நாட்களில் ஊரார் சிரித்தார்கள். அடுத்த எச்சரிக்கைக்கும் அவர் அவிழ்த்துவிட்டார்.

அந்த நவம்பரில் கடலில் உருவான தாழமுக்கம் கரையை நெருங்கியது. மூன்று நாளாக விடாத மழை. பகல் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தது: “மலைநாட்டில் கடும் மழை. மகாவலி பெருகி வருகிறது. தாழ்ந்த இடங்களில் இருப்பவர்கள் உடனடியாகப் பாடசாலைக்குச் செல்லுங்கள்.”

மனைவி அஸ்மியா பிள்ளைகளின் உடுப்புகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க பிள்ளைகளோட போங்க. நான் மாட்டைப் பாத்திட்டு வாறன்,” என்றார் முனாஸ்.

அவள் எழுந்துவந்து அவருடைய மோட்டார் சைக்கிளின் பிடியைப் பற்றினாள். “மாடு போனாப் போகட்டும். உங்களுக்கு ஒண்டு நடந்தா நான் என்ன செய்ய?”

“அதுகளை அப்படியே விட்டுட்டு வர எனக்கு ஏலாது, அஸ்மியா.”

மோட்டார் சைக்கிளின் பிடியைப் பற்றியிருந்த அவள் கை மெதுவாக விலகியது.

பட்டிக்குப் போனபோது மாடுகள் முழங்கால் நீரில் நின்றன. கன்றுகளை அவிழ்த்துவிட்டு எல்லாவற்றையும் மேட்டுப் பக்கம் ஓட்டினார். வழக்கமான ஆற்றங்கரைப் பாதை ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டது. மிச்சமிருந்த வழி கனகசுந்தரத்தின் வயல் மட்டும்தான். பயிர் அப்போது ஒரு சாண் உயரம். சுற்றிலும் முள்ளுக்கம்பி வேலி.

கனகசுந்தரத்தோடு முனாஸ் பேசி இரண்டு வருடம். மாடுகள் ஒருமுறை பயிரை மேய்ந்ததும், கனகசுந்தரம் அவற்றைப் பிடித்துக் கட்டியதும், பிறகு இருவரும் பொலிசில் போய் நின்றதும் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அன்று வேலிக்கு உள்ளே அவர் நின்றார். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர், மாடுகளின் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“அண்ணன், வேற வழி இல்ல,” என்றார் முனாஸ். பின்னால் ஏறிவரும் நீரைக் காட்டினார்.

கனகசுந்தரம் பயிரைப் பார்த்தார். கம்பிக்கு அப்பால் ஒரு கன்று தாயின் வயிற்றோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியிலிருந்த குறடு ஒன்றை எடுத்துவந்து கம்பியை அறுத்தார்.

“கெதியா ஓட்டும். வாய்க்கால் பக்கம் போகாதேங்கோ, இழுத்துப்போடும்.”

இருவருமாக மாடுகளை வயலுக்குக் குறுக்கே விரட்டினார்கள். கடைசியில் வந்த சில மாடுகள் வெருண்டு வாய்க்கால் பக்கம் ஓடின. அங்கே நீரோட்டம் பலமாக இருந்தது. நாலு கன்றுகளும் இரண்டு பசுக்களும் அவர்கள் கண்முன்னே அடித்துச் செல்லப்பட்டன. முனாஸ் இறங்கப் பார்த்தார். கனகசுந்தரம் அவருடைய சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளம் வடியப் பல நாள் ஆயிற்று. தாழ்ந்த வயல்கள் எல்லோருக்கும் அழிந்துபோயின. மேட்டை ஒட்டிய துண்டுகளுக்கு நீர் ஏறவில்லை. அங்கே அயலவர்களின் பயிர் பச்சையாக நின்றது. கனகசுந்தரத்தின் துண்டு மட்டும் குளம்படிபட்டுச் சேறாகக் கிடந்தது.

அதைக் கண்ட முனாஸ் நேரே அவர் வீட்டுக்குப் போனார். முற்றத்தில் கதிரை போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

“நான் வராட்டி அந்தத் துண்டாவது உங்களுக்கு மிஞ்சியிருக்கும், அண்ணன்.”

“ஓம்,” என்றார் கனகசுந்தரம். “கோவம் இல்லை எண்டு சொல்லமாட்டன். அதைப் பாக்கேக்க வயிறு எரியுது. ஆனா கம்பியை அறுத்தது நான்தானே. இரும்.”

முனாஸ் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து தேத்தண்ணி வந்தது. இருவரும் குடித்து முடித்தார்கள்.

“அடுத்த விதைப்பு வரைக்கும் மாட்டை அந்தத் துண்டிலேயே அடைச்சு வையும்,” என்றார் கனகசுந்தரம் கடைசியில். “எருவாவது சேரட்டும்.”

முனாஸ் தலையசைத்தார். மாடுகளை ஓட்டிவர எழுந்தார்.