வண்டு மருந்தும் என் தொட்டி இறால்களும்

இன்று சாயங்காலம் என் கண்ணாடித் தொட்டியில் இருந்த இறால்கள் எல்லாம் செத்துப் போயின.

ரெம்பாவ் ஊருக்குப் பக்கத்து ஓடையில் பிடித்து வந்த குட்டி இறால்கள். குழாய்த் தண்ணீரைக்கூட குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்த பிறகுதான் அவற்றுக்கு ஊற்றுவேன்.

என் மனைவி சரசு எஸ்டேட் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகளுக்கு வண்டு மருந்து அடிக்கும் வேலை செய்கிறாள். வேலை முடிந்து வந்தவள், தொட்டியில் சாய்ந்து கிடந்த செடியைக் கையை விட்டு நிமிர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இறால்கள் துள்ளித் துடித்து மல்லாந்துவிட்டன.

"சோப்பு போட்டுத்தாங்க கழுவுனேன்" என்று அழுதாள். நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "மருந்து அடிக்கிற பொம்பளைங்களுக்கு கிளவுஸாவது குடுங்கண்ணே" என்றேன்.

"இறால் சின்ன உயிரு லா தம்பி. மனுசன் உடம்பு தாங்கும்" என்றார்.

"எத்தன வருசம் தாங்கும்ணே?"

அவருக்கு உடனே அவசர வேலை வந்துவிட்டது.

நாளைக் காலையில் சரசு மறுபடியும் மருந்து அடிக்கப் போகிறாள். உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் எழுதுங்கள்.