படிவத்தில் இரண்டாவது பெயர்

என் சாப்பாட்டுக் கடையை நான்கு நாள் இழுத்துப் பூட்டியவள் ஆர்லிஸ் டெஷ். அதைச் சொல்லிவிட்டுத்தான் அவளைப் பற்றி மற்றதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் என்னவோ பெரிய மனசுக்காரன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் வெள்ளிக்கிழமை என்றால் மீன் வறுவல்; கடையில் உட்கார இடமில்லை. அன்றைக்கென்று பார்த்து மாவட்டச் சுகாதார ஆய்வாளர் ஆர்லிஸ் டார்ச்சும் கிளிப் வைத்த எழுது அட்டையுமாக உள்ளே வந்தாள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம்கூட இல்லை. "ஓரின், அடுப்பை அணைச்சிடு. கரப்பான்" என்றாள். வாசல் கண்ணாடியில் 'கடை மூடப்பட்டது' என்ற மஞ்சள் தாளை ஒட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக வந்ததும் அவள்தான். தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து இரண்டு முட்டையும் வறுத்த ரொட்டியும் தின்றாள். அரைமணி நேரம் தின்றாள். அதற்குப் பிறகுதான் ஊரார் மெல்ல எட்டிப்பார்த்தார்கள். நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். என் மகள் பிரென்னா மன்னிக்கவில்லை. அப்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. வருஷம் பூராவும் அவளைக் 'கரப்பான்' என்றே கூப்பிட்டார்கள். இன்றைக்கு முப்பத்தைந்து வயதாகிறது, கடைச் சமையல் முழுக்க அவள் கையில். ஆர்லிஸ் வந்தால் மட்டும் முட்டையை வேறு ஆளிடம் கொடுத்தனுப்புவாள்.

ஆர்லிஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தொரு வருஷ வேலையில் அவளுக்கு யாரும் கேக் வாங்கிக் கொடுத்ததும் இல்லை. கொடுத்திருந்தால் முட்டை எந்தத் தேதியில் வாங்கியது என்று கேட்டிருப்பாள். ஓய்வு பெற்ற மறுவருஷம் ஒரு நாள் காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஓரின், நான் ஒரு சாம்பல் கிளி வாங்கப் போறேன். குஞ்சா."

"இந்த வயசுலயா?"

"வேலைக்குப் போற வரைக்கும் வாங்க முடியல. நாள் பூரா தனியா விட்டா அது தன் இறகைத் தானே பிடுங்கிக்கும். இப்ப நான் வீட்டுலதான் இருக்கேன். ரேடியோவும் நானும்."

அவள் வாயிலிருந்து வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் பிக்கப் வண்டியில் ஹீட்டர் நன்றாக வேலை செய்யும், குஞ்சைக் கொண்டுவர ஆகும் என்று சொல்லி நானும் ஒட்டிக்கொண்டேன்.

மார்ச் மாதம், பனி இன்னும் உருகவில்லை. கேள்விகளைத் தாளில் தட்டச்சு செய்து அட்டையில் சொருகி வைத்திருந்தாள். கிளி வளர்த்து விற்பவர்களில் நாங்கள் பார்த்த முதல் ஆள் குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டே வந்தார். ஆறு வாரக் குஞ்சு. பாதி உடம்பில் இறகே இல்லை.

"இப்பவே எடுத்துட்டுப் போங்க. ஊசிக்குழாய்ல கூழை நீங்களே ஊட்டுங்க. உங்களைத்தான் அம்மான்னு நினைச்சுக்கும்" என்றார்.

"கூழ் எத்தனை டிகிரி சூடு இருக்கணும்?"

"கையில தொட்டுப் பாத்தா தெரிஞ்சுடும்."

ஆர்லிஸ் அட்டையில் ஒரு கோடு போட்டாள். வண்டியில் ஏறியதும் பொரிந்தாள். "சூடு ரெண்டு டிகிரி கூடினா தொண்டைக்குக் கீழ இருக்கிற பை வெந்துபோயிடும். மூச்சுக்குழாயில இறங்கினா குஞ்சு அவ்வளவுதான். தன் வேலையை வாங்குறவன் தலையில கட்டிட்டு, அதுக்குப் பாசம்னு பேர் வெக்கிறான்."

இரண்டாவது ஆள் நிலவறையில் வளர்த்தார். குஞ்சுகள் பறக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே சிறகை வெட்டிவிட்டிருந்தார். தாய் தகப்பன் கிளிகளைப் பார்க்கவேண்டும் என்றாள் ஆர்லிஸ்.

"அதுங்க தூங்குதுங்க."

"பகல் பதினோரு மணிக்கா? பரவாயில்ல, எழுந்திருக்கட்டும். நான் உக்காந்திருக்கேன்."

கடைசி வரை அவை எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது இடம் ஏரிக்கரைப் பண்ணை வீடு. வளர்ப்பவள் பெயர் ஜோலீன், நாற்பது வயதிருக்கும். போன் செய்துவிட்டுப் போகலாம் என்றேன். "சொல்லாம போனாத்தான் உள்ளது உள்ளபடி தெரியும். நான் என்ன நேத்து வேலைக்கு வந்தவளா?" என்றாள் ஆர்லிஸ். ஊரில் எல்லோரையும் அப்படித்தானே பிடித்தாள்.

ஜோலீன் கதவைச் சங்கிலி போட்டபடியே ஒரு சாண் திறந்தாள்.

"இன்னைக்கு வேற எங்கயாவது பறவை பாத்தீங்களா?"

ஆர்லிஸுக்குப் பொய் வராது. "ரெண்டு இடம்."

"அப்ப வாசப்படியைத் தாண்டாதீங்க. அங்க இருக்கிற சீக்கை உங்க செருப்புலயும் சட்டையிலயும் ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க. கேள்வித்தாளு வெச்சிருக்கீங்க, இது தெரியாதா? வீட்டுக்குப் போயி தலைக்குக் குளிச்சு, துணி மாத்தி, வேற ஷூ போட்டுக்கிட்டு வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க. வழியில கோழிக்கூண்டுகூட எட்டிப் பாக்கக் கூடாது."

கதவு சாத்திக்கொண்டது. நான் வண்டியைக் கிளப்பினேன். மூன்று மைல் போயிருப்போம். ஆர்லிஸ் கொதிக்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"எனக்கே மஞ்சள் தாள் ஒட்டிட்டா, ஓரின்!"

"அதுக்குப் போயி சிரிக்கிறியே."

"குஞ்சு அந்த வீட்டுலதான் இருக்கு. வேற எங்கயும் பாக்க வேண்டாம்."

வியாழக்கிழமை, மருந்துத் தண்ணீர்த் தட்டில் ஷூவை நனைத்துக்கொண்டு உள்ளே போனோம். ஆர்லிஸ் கேட்கக் கேட்க ஜோலீன் அசராமல் பதில் சொன்னாள். தாயும் தகப்பனும் கண்ணெதிரே கூண்டில் இருந்தன. குஞ்சின் காலில் மூட்டில்லாத வளையம்; பிறந்த புதிதில் மட்டுமே மாட்ட முடியும் என்பதால் அது காட்டில் பிடித்ததில்லை என்பதற்குச் சாட்சி. ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தது. சூரியகாந்தி விதையை மட்டும் கொட்டாமல் கீரை, காரட், வேகவைத்த பயறு எல்லாம் பழக்கியிருந்தாள். கூடப்பிறந்த இரண்டு குஞ்சுகளோடுதான் வளர்ந்தது. தினமும் காலையில் எடை போட்ட நோட்டு ஒன்றும் இருந்தது. ஆர்லிஸ் அதை வரி வரியாகப் படித்தாள்.

"எழுபத்தொன்பதாம் நாளு ஏன் பன்னெண்டு கிராம் குறைஞ்சுது?"

"பறக்க ஆரம்பிச்ச நாளு. அப்ப சாப்பாட்டு நினைப்பே இருக்காது. குறையலைன்னாத்தான் சந்தேகப்படணும்."

"ஒருவேளை எனக்கு ஒத்து வரலைன்னா?"

"எத்தனை வருஷம் ஆனாலும் எங்கிட்டதான் திருப்பிக் கொண்டுவரணும். வேற யாருக்கும் தள்ளிவிடக் கூடாது."

தாளில் கேள்வி தீர்ந்துவிட்டது. ஜோலீன் மூன்று குஞ்சுகளையும் தரையில் விட்டாள். ஒன்று பாய்ந்து என் ஷூ கயிற்றைப் பிடித்தது. ஒன்று மூலைக்கு ஓடியது. மூன்றாவது நின்ற இடத்திலேயே நின்று, கறுப்புக் கண்ணால் ஆர்லிஸை மேலும் கீழும் பார்த்தது. அவளும் பார்த்தாள். பிறகு குஞ்சு நடந்து வந்து, அவள் முழங்காலில் ஏறி, அட்டையின் கிளிப்பை நிமிண்டிப் பார்த்துவிட்டுக் கேள்வித்தாளின் ஓரத்தைக் கிழித்தது.

"இது ஆய்வு பண்ணுது" என்றேன்.

ஆர்லிஸ் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அறுபத்தாறு வயதில் ஒரு பெண் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் ஜோலீன் படிவத்தை எடுத்தாள். "இது அம்பது வருஷம் இருக்கும், ஆர்லிஸ்."

"கணக்கு எனக்கும் தெரியும்."

"அப்ப ரெண்டாவது பேர் யாரு? உங்களுக்கு அப்புறம் இதை வெச்சுக்கப் போறவங்க. நாப்பதுக்குள்ள இருக்கணும். பேரை மட்டும் எழுதிட்டுப் போக முடியாது. அவங்களும் நேர்ல வந்து இது கூட ஒரு மணி நேரம் உக்காரணும்."

ஆர்லிஸின் பேனா நின்றுவிட்டது. நான் கையைத் தூக்கினேன்.

"உங்களுக்கு என்ன வயசு?" என்றாள் ஜோலீன்.

"எழுபத்தொண்ணு."

"நல்லா இருக்கு. கிளிதான் உங்க ரெண்டு பேரையும் வழியனுப்பி வெக்கும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "இது இன்னும் ரெண்டு வாரத்துல முழுசா தானே சாப்பிட ஆரம்பிச்சுடும். அதுவரைக்கும் டைம் தரேன். ஆள் கிடைக்கலைன்னா, வரிசையில அடுத்து இருக்கிறவங்களுக்குக் கொடுத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க."

திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை. ஆர்லிஸுக்கு அரிசோனாவில் ஒரு சித்தி மகள். அவளுக்கும் இதே வயது. அவ்வளவுதான் சொந்தம். "முப்பத்தொரு வருஷம் எல்லாரோட சமையக்கட்டுக்குள்ளயும் போயிருக்கேன், ஓரின். ஒருத்தர் வீட்டு ஹால்லயும் உக்காந்ததில்ல" என்றாள்.

பிரென்னாவின் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லத் துணிச்சல் வரவில்லை. பத்து நாள் ஓடிவிட்டது.

பதினோராம் நாள் மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு ஆர்லிஸ் வந்தாள். மேஜைக்குப் போகாமல் நேரே சமையலறை வாசலுக்குப் போய் நின்றாள்.

"உள்ள வரலாமா?"

பிரென்னா நிமிர்ந்து பார்த்தாள். "இதெல்லாம் நீங்க கேப்பீங்களா, மிஸ் டெஷ்?"

"இப்ப எங்கிட்ட அடையாள அட்டை இல்ல." ஆர்லிஸ் சுற்றி வளைக்கவில்லை. குஞ்சு, ஜோலீன், படிவம், இரண்டாவது பெயர், வியாழக்கிழமைக் கெடு எல்லாவற்றையும் சொன்னாள். "உன்னைக் கேக்குறதுக்கு எனக்கு ஒரு பாத்தியதையும் இல்ல. ஆனா இந்த ஊர்லயே சுத்தமான சமையக்கட்டு உன்னோடதுதான். கேட்டுப் பாக்கணும்னு தோணுச்சு."

பிரென்னா கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கடையைப் பூட்டினீங்களே, மறுநாள் எனக்குப் பத்தாவது பிறந்தநாள். பார்ட்டி இங்கதான். தெரியுமா?"

"தெரியும். சுவத்துல காகிதத் தோரணம் கட்டியிருந்துச்சு."

"ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கலாம்ல?"

பாவி, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அந்தக் கிளியை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

"முடியாது" என்றாள் ஆர்லிஸ். "பதினெட்டுப் பிள்ளைங்க இங்க சாப்பிட்டிருக்கும். இன்னைக்கா இருந்தாலும் பூட்டுவேன்."

ஆர்லிஸே தொடர்ந்தாள்: "ஆனா ஸ்கூல்ல உன்னை அந்தப் பேர் சொன்னாங்கன்னு போன வருஷம்தான் உங்கப்பா சொன்னான். அன்னைக்கே தெரிஞ்சிருந்தா வகுப்புக்கே வந்திருப்பேன்."

"வந்து என்ன பண்ணியிருப்பீங்க?"

"அந்த ஸ்கூல் சமையக்கட்டுல நான் என்னெல்லாம் பாத்திருக்கேன்னு அத்தனை பிள்ளைங்க முன்னாலயும் படிச்சிருப்பேன். ஒருத்தனும் ஒரு மாசத்துக்கு மத்தியானச் சோறு தின்னிருக்க மாட்டான்."

பிரென்னா உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைச் சமையல் ஏப்ரனால் துடைத்துக்கொண்டாள்.

"என்னைக் குளிர்விக்கணும்னு 'ஆமா, தள்ளிப் போட்டிருக்கலாம்'னு சொல்லியிருந்தீங்கன்னா வெளிய அனுப்பியிருப்பேன்" என்றாள். "வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?"

வியாழக்கிழமை பிரென்னா குஞ்சோடு ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்தாள். அது அவள் சட்டைப் பொத்தானைப் பிய்த்து, ஆர்லிஸ் மடியில் கொண்டுபோய் வைத்தது. ஜோலீன் படிவத்தை நீட்டினாள். இரண்டாவது பெயருக்கான இடத்தில் பிரென்னா நிதானமாக எழுதினாள்.

"இன்னும் ஒண்ணு" என்றாள் ஜோலீன். "தனியா இருக்கிறவங்க விழுந்து கிடந்தா நாலு நாள் ஆனாலும் யாருக்கும் தெரியாது. கூண்டுக்குள்ள தண்ணி அதுவரைக்கும் வராது. அதனால ரெண்டாவது ஆள் கையில வீட்டுச் சாவி இருக்கணும்."

ஆர்லிஸ் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அதில் கார் சாவியும் வீட்டுச் சாவியும் மட்டும் இருந்தன. வீட்டுச் சாவியைத் தனியாகப் பிரித்துப் பிடித்தாள்.

"ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு செய்யணும்னு எனக்குத் தோணினதே இல்ல" என்றாள்.

ஊருக்குள் வந்ததும் வண்டியை இரும்புக் கடை வாசலில் நிறுத்தினேன். ஹீட்டரை ஓடவிட்டு, கூண்டைப் போர்வையால் மூடிப் பிரென்னாவின் மடியில் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம். கடைக்காரர் சாவியை வாங்கிப் பார்த்தார்.

"எத்தனை போடட்டும்?"

ஆர்லிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு" என்றாள்.

எனக்கு ஆணியே தேவையில்லை. இருந்தாலும் ஆணி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, கடைக்காரர் இரண்டாவது சாவியையும் அறுத்து முடிக்கும் வரை ஒவ்வொரு ஆணியாக எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.