கலியபெருமாளின் கண்ணாடித் துண்டு

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடலூர் முதுநகர் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்துவிட்டு நின்றிருந்தேன். அலுவலகத்திலிருந்து ரேவதி பேசினாள். "மேடம், நம்ம கலியபெருமாள் சார் தவறிட்டாராம். பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தவரு அப்படியே கொழாயடியில சாஞ்சிட்டாராம். வெள்ளிக்கிழமை கூட நல்லாத்தானே இருந்தாரு மேடம்?" "ஆமா, நல்லாத்தான் இருந்தாரு" என்றேன். கேட் திறந்து, பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை. அவர் நன்றாக இல்லை என்பது எனக்குக் கார்த்திகையிலிருந்தே தெரியும்.

அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லாரும் படத்திறப்பன்று வாசிக்க நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நான் தரவில்லை. மேடத்துக்குத் தலைக்கனம் என்று யாரோ சொன்னதாகவும் காதில் விழுந்தது. தலைக்கனம் எனக்கு உண்டுதான். ஆனால் காரணம் அது இல்லை. இதை முதலில் ஒருத்தியிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் இறந்த அன்று மதியம், சேத்தியாத்தோப்பில் அவர் வீட்டுப் பந்தலில், அவர் மனைவி செல்வி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவரு பையில இருதய மாத்திரை இருக்குக்கா. அல்சருன்னு சொல்லித்தான் முழுங்கிக்கிட்டு இருந்தாரு. உங்ககிட்ட எதனா சொன்னாரா?" என்று கேட்டாள். எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். அன்று அந்த வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை: "இல்லம்மா."

ஆறு வருடங்களுக்கு முன் அவர் வேலை கேட்டு வந்த நாள் நினைவிருக்கிறது. ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மஞ்சக்குப்பத்தில் நம் அலுவலகம் அப்போது இரண்டே அறை. ஆஸ்பத்திரி, கல்லூரி, தொழிற்சாலை என்று நாலு இடத்துக் கணினிகளில் திருடன் நுழையாமல் காவல் காப்பது நம் வேலை. "அங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டேன். "சங்கேதப் பிரிவுங்க மேடம்." "அதுல என்ன செஞ்சீங்க?" "சொல்லக்கூடாதுங்க." "எந்த ஊர்ல?" "அதுவும் சொல்லக்கூடாதுங்க." எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இந்தப் பேராவது நிஜப் பேருதானா?" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

சோதிக்கலாம் என்று ஒரு கல்லூரிக் கணினியில் ஆறு மாதமாக யார் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பட்டியலைக் கையில் கொடுத்தேன். அவர் பையைத் திறந்து, ஓரமெல்லாம் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன்மேல் ஒற்றைத் தாளைப் போட்டுக் குறிப்பெழுதத் தொடங்கினார். கால்மணி நேரம் கழித்து நிமிர்ந்தார். "இந்த லைப்ரரிக்காரரு தீபாவளி அன்னிக்கும் கரெக்டா ஒம்போது மணிக்கு உள்ள வந்திருக்காரு. பொங்கலுக்கும் வந்திருக்காரு. இது மனுஷன் இல்லீங்க மேடம்." லைப்ரரிக்காரர் பேரில் நுழைவது ஒரு திருட்டு புரோகிராம் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆகியிருந்தது. மறுநாளே வேலைக்கு வரச் சொன்னேன்.

அந்தக் கண்ணாடியை வைத்து அவரை எவ்வளவு கேலி செய்திருப்போம்! நோட்டுக் கட்டின் மேல் எழுதினால் அடித்தாளில் பேனாத் தடம் விழும். பென்சிலை லேசாகத் தேய்த்தால் போதும், எழுதியதை எவனும் படித்துவிடுவான். கண்ணாடிமேல் எழுதினால் எதுவும் பதியாது. பதினேழு வருடப் பழக்கம், விடவில்லை. நாலு டீ, ஒரு காபி என்று எழுதுவதற்கும் கண்ணாடிதான். டீ வந்ததும் சீட்டைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போடுவார்.

பட்டியல்களுக்கு நடுவே ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. கண்டதை எழுதச் சொன்னால்தான் வம்பு. அவருடைய முதல் அறிக்கை மொத்தமே நாலு வார்த்தை: "உள்ளே வந்தார்கள். கதவைச் சாத்திவிட்டேன்." இதை எந்த வாடிக்கையாளரிடம் ஐயா நான் காட்டுவது? நாலு தடவை திருப்பிக் கொடுத்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "அங்க வாய மூடிக்கிட்டு இருக்கறதுக்குச் சம்பளம். இங்க வாயத் தொறக்கறதுக்குச் சம்பளம். மாறணும்னா கொஞ்ச நாள் ஆவும் மேடம்." மாறினார். அதுவும் அரைகுறையாக இல்லை.

சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நோயாளிகளின் அறிக்கைகளை எவனோ அள்ளிக்கொண்டு போய்விட்டான். உரிமையாளர் எனக்கு போன் செய்து, "நோயாளிங்ககிட்ட இப்ப சொல்ல வேணாம். ரெண்டு நாள் பொறுங்க, வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். கலியபெருமாள் என் மேசைக்கு வந்து நின்றார். "அவுங்களுக்கு இன்னிக்கே சொல்லணும் மேடம்." "ரெண்டு நாள்ல என்ன ஆயிடப்போவுது?" என்று எரிந்து விழுந்தேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே தனசேகரைப் பற்றிச் சொன்னார்.

தனசேகர் திருவதிகைக்காரர், அவரோடு ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்தவர். ஒரு காலையில் வந்த சங்கேதச் செய்தியைக் கலியபெருமாள் பிரித்துக்கொண்டிருந்தார். எண்கள் எழுத்தாகி, எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, தனசேகர் இறந்த செய்தியாக அவர் கைக்குக் கீழேயே வந்து நின்றது. மேலிடத்திலிருந்து வீட்டுக்கு முறைப்படி தகவல் போக இரண்டு நாள் ஆனது. அதற்குள் தனசேகரின் அம்மா இவருக்கு போன் செய்துவிட்டார். "தம்பி, அவன் போனே வரல. நல்லா இருக்கானா?" "நல்லா இருக்கான்மா" என்று இவர் சொன்னார். "அந்தம்மா சந்தோஷமா போன வெச்சிட்டாங்க மேடம். ரெண்டு நாளு அந்த சந்தோஷத்துல இருந்திருக்காங்க. அப்புறம் லீவுல போனப்போ என்னைய ஒரு வார்த்த திட்டல. சாப்பிட்டுப் போன்னு எல போட்டாங்க. இன்னிக்கும் யாரு போன் பண்ணாலும் எனக்கு அந்தக் குரலுதான் கேக்குது." நான் உரிமையாளரை அழைத்தேன். அவர் கத்தினார், நான் அதைவிட ஜாஸ்தி கத்தினேன். சாயங்காலத்துக்குள் நோயாளிகள் பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் கலியபெருமாளே போன் செய்து, நிதானமாக, சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தார்.

அந்த மனிதர்தான் போன கார்த்திகையில், சிதம்பரம் கீழவீதி டீக்கடையில், மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். இருதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, உடனே ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். "வீட்டுல சொல்லல. பாப்பாவுக்கு இந்த வருசம் பிளஸ் டூ. பரீட்சை முடியட்டும், பண்ணிக்கறேன்" என்றார். "தெரிஞ்சவங்க உடனே சொல்லணும்னு எனக்கே பாடம் எடுத்தீங்களே?" என்று கேட்டேன். "அது அடுத்தவங்க விஷயம் மேடம். இது என் விஷயம். நான் பதினேழு வருசம் வாயத் தொறக்கல. நீங்க ஒரு நாலு மாசம் இருக்க மாட்டீங்களா?"

இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் உடம்பைப் பற்றிய பயம் ஒருபக்கம் இருக்க, உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. யாரிடமும் எதையும் சொல்லாத மனிதர் என்னிடம் சொல்லியிருக்கிறாரே என்று. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது சோறு இறங்குவதில்லை. அவர் படியேறி மூச்சு வாங்கியபோதெல்லாம் பார்த்தேன். செல்வியின் நம்பர் என் போனில்தான் இருந்தது. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. பிள்ளை பரீட்சை எழுதி முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். அவர் சொன்ன அதே சாக்குதான். அந்த நாட்களில் எந்த போன் அடித்தாலும் எனக்கு, "உங்ககிட்ட எதனா சொன்னாரா?" என்றுதான் கேட்டது.

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் புவனகிரி வழியாக பஸ் பிடித்து சேத்தியாத்தோப்புக்குப் போனேன். செல்வி தனியாக இருந்தாள். கீழவீதியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அழவில்லை. கார்த்திகை, மார்கழி, தை, மாசி என்று விரல் மடக்கினாள்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரில சேத்திருப்பேன். அது உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும்" என்றேன்.

எழுந்து உள்ளே போனாள். போய்விடு என்று சொல்லாமல் சொல்கிறாள் என நினைத்துப் பையை எடுத்தேன். திரும்பி வந்தவள் கையில் அந்தக் கண்ணாடித் துண்டு. "இதுல எதுவுமே பதியாதுன்னு பெருமையா சொல்லுவாரு. எனக்கு வேணாம், நீங்க வெச்சிக்குங்க" என்று நீட்டினாள். வாசல்வரை வந்து, "அவரோட வேல பாத்தவங்களுக்கும் எழுதுங்க. எல்லாருக்கும் தெரியட்டும். பாப்பாவுக்கு நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

எழுதிவிட்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தக் கண்ணாடி ஒன்றுதான். இதை எழுத உட்கார்ந்தபோது அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். நோட்டின் மேலேயே, அழுத்தி எழுதினேன். அடியில் உள்ள நாலு தாளிலும் தடம் விழுந்திருக்கிறது.