பெயர் உதிர்ந்த டேப்

தொம்மலூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஆள் உயரப் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே அடுக்கடுக்காக டேப்புகள். பல நிறுவனங்களின் பழைய கோப்புகள் அவற்றில்தான் கிடக்கின்றன. எந்த டேப் வேண்டும் என்று கணினியில் சொன்னால், பெட்டிக்குள் ஓர் இயந்திரக் கை நகர்ந்து போய் அதை எடுத்து, படிக்கும் கருவியில் செருகும். அன்று அது தப்பான டேப்பையே எடுத்துக்கொண்டிருந்தது.

முந்தின நாள் அந்தக் கை சிக்கிக்கொண்டதால் சர்வீஸ்காரர் வந்து பழுது பார்த்தார். அதற்காக டேப்புகளை வெளியே எடுத்தவர், திரும்ப வைக்கும்போது இடம் மாற்றி வைத்துவிட்டார். எங்கள் மென்பொருளோ பழைய இடங்களையே நம்பிக்கொண்டிருந்தது. நிதானமாகச் சரிசெய்யலாம் என்றிருந்தபோதுதான் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

பேசியவர் அங்கே ரெக்கார்டு பிரிவில் இருப்பவர். பிரேசர் டவுன்காரர், போனில் மட்டுமே பழக்கம். “நாளைக்குக் காலைல ஒரு அம்மாவுக்கு நுரையீரல்ல கட்டி, ஆபரேஷன். சில வருஷம் முன்னாடி இங்க எடுத்த ஸ்கேன் வேணும்னு டாக்டர் கேக்குறார். கொஞ்சம் ஜல்தி எடுத்துக் குடுங்க மேடம்.”

அது எந்த டேப்பில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது. அந்த டேப் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

என்னோடு வேலையில் இருந்தவர் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். முந்தின நாளும் இருவரும் இதே பெட்டியோடு மல்லுக்கட்டியிருந்தோம். எல்லாத் தட்டுகளையும் புதிதாகப் படிக்கும்படி அதற்குக் கட்டளை கொடுத்தேன். கை ஒவ்வொரு டேப்பின் முன்னும் நின்று, முகப்பில் ஒட்டிய பார்கோடைப் பார்த்து நகர்ந்தது. அதை அவசரப்படுத்த வழியில்லை. ஏசி குளிரில் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றேன்.

பாதியில் அண்ணா பெட்டியின் கதவைத் திறந்துவிட்டார். எல்லாம் நின்றுபோனது.

“என்னண்ணா பண்ணீங்க? திறந்தா மறுபடி முதல்லேர்ந்து படிக்குமே!”

“கண்ணால பாத்துடலாம்னு தொறந்துட்டேம்மா. மூளையே வேலை செய்யல.”

திட்டக்கூடத் தெம்பில்லை. மறுபடி உட்கார்ந்தோம். படித்து முடித்ததும் புதிய இடங்களை மென்பொருளுக்கும் ஏற்றினேன். மற்றதெல்லாம் பொருந்தியது. எங்களுக்கு வேண்டியது மட்டும் பெட்டியிலேயே இல்லை என்றது திரை.

மறுபடி போன். “அந்தம்மாவோட பொண்ணு இங்கதான் உக்காந்திருக்காங்க. என்ன சொல்லட்டும்?”

“தேடிட்டிருக்கோம்னு சொல்லுங்க.”

அண்ணா திரையில் விரல் வைத்தார். “இத்தப் பாரு. டேப் கீது, பேர் தெரியலன்றான்.”

அப்படி இரண்டு இடங்கள். எடுத்து வைத்தபோது பார்கோடு ஸ்டிக்கர் உரிந்து விழுந்திருக்க வேண்டும். ஸ்டிக்கர் போனாலும், டேப்பின் தொடக்கத்தில் மென்பொருள் எழுதிய பெயர் அழியாது. ஒவ்வொன்றாகக் கருவியில் போட்டுப் படித்தோம். முதலாவது எதுவுமே எழுதாத புது டேப். அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது வெகுநேரம் சுழன்றது. பிறகு நாங்கள் தேடிய பெயர் திரையில் வந்தது. “வந்துடுச்சுண்ணா” என்றேன்.

ஸ்கேனை மீட்டு அனுப்பினோம். சாயங்காலம், பையை எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த ரெக்கார்டு பிரிவுக்காரரே கூப்பிட்டார்.

“பழைய படத்துலயும் கட்டி அதே அளவுலதான் இருக்காம் மேடம். கொஞ்சம்கூட வளரலையாம். இப்போ ஆபரேஷன் வேணாம், அப்பப்போ ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்னுட்டார் டாக்டர். பொண்ணு ஒரே அழுகை.”

நல்லதாக ஏதாவது சொல்ல நினைத்தேன். “சரிங்க” என்றுதான் வாயில் வந்தது.

அண்ணாவிடம் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுவிட்டு, “இத்தினி வருசத்துல நாம எட்த்துக் குட்த்தது இன்னா ஆச்சுன்னு யாருனா சொல்லிகீறாங்களா?” என்றார். இல்லை. இனிமேலும் சொல்வார்கள் என்று தோன்றவில்லை. அவர் ரயிலைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போனார்.

நான் காக்ஸ் டவுன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது, ஏன் லேட் என்று கேட்டார் கணவர். “ஒரு டேப் காணாமப் போச்சு, அப்புறம் கிடைச்சுது” என்றேன். மீதியைச் சொல்ல என்னால் அன்றைக்கு முடியவில்லை.